ரயில் பெட்டிகளை வார்டாக்கிய பினாங்கு டாக்டர்... ஒரு கொள்ளைநோயின் 67 நாள்கள்!

உங்க வீட்டு அலமாரியிலோ, ஆபீஸ் பையின் ஓரத்திலோ 2020-ல் வாங்கின மாஸ்க் ஒன்று இன்னும் கிடக்கும். தேடிப் பாருங்க. காதில் மாட்டும் எலாஸ்டிக், மூக்கின் மேல் வளையும் கம்பி எல்லாம் பிற்காலத்தில் வந்தவை. ஆபரேஷன் தியேட்டருக்குள் டாக்டர்கள் வாயை மூடிக்கொள்ளும் வழக்கம் 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. அதைத் தெருவுக்குக் கொண்டுவந்து, டாக்டர், போலீஸ், பிணம் தூக்குபவர் என எல்லோர் முகத்திலும் கட்டவைத்தவர் 31 வயது இளைஞர் ஒருவர். பெயர் வூ லியென் தே.

மாஸ்க் கதை மட்டும் என்றால் இந்தக் கட்டுரையை இரண்டு பத்தியில் முடித்துவிடலாம். அவர் செய்த பெரிய வேலை, நோய் போன பிறகு தொடங்கியது. எல்லோரும் மறந்துபோன ஆண்டுகளில், அடுத்த முறைக்காக அவர் தயாராகிக்கொண்டே இருந்தார். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

பினாங்குப் பையன்

பினாங்கு தமிழர்களுக்குப் புதிய பெயர் இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய நம்மாட்கள் பலர் இறங்கிய துறைமுகம் அது. அந்தத் தீவில்தான் 1879 மார்ச் 10-ம் தேதி வூ பிறந்தார். அப்பா தென் சீனாவிலிருந்து குடியேறிய நகைத் தொழிலாளி. பையன் படிப்பில் கெட்டி. 1896-ல் அரசியார் உதவித்தொகை கிடைத்து இங்கிலாந்து போனார். கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்த முதல் சீன வம்சாவளி மாணவர் இவர்தான். பிறகு லிவர்பூல், ஜெர்மனி, பாரிஸின் பாஸ்டர் நிறுவனம் என்று சுற்றி, கிருமிகளைப் பற்றி அந்தக் காலத்தில் என்னவெல்லாம் தெரிந்துகொள்ள முடியுமோ அத்தனையும் தெரிந்துகொண்டு 1903-ல் மலாயா திரும்பினார்.

ஊரில் நிம்மதியாக கிளினிக் வைத்திருக்கலாம். இவரோ அபினுக்கு எதிராகக் கிளம்பினார். அபின் வியாபாரம் அங்கே பெரும்பணம் புழங்கும் தொழில், பிரிட்டிஷ் அரசுக்கும் வருமானம். கொஞ்ச நாளில் இவர் கிளினிக்கிலேயே சோதனை நடந்தது. சிகிச்சைக்காக எப்போதோ வாங்கிவைத்த சிறிதளவு அபின் மருந்து கிடைத்தது. அனுமதியில்லாமல் வைத்திருந்ததாக வழக்கு, அபராதம். அபினை எதிர்த்தவர் மீதே அபின் வழக்கு! அந்த நேரத்தில் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது, தியான்ஜின் ராணுவ மருத்துவக் கல்லூரியின் துணை இயக்குநர் பதவிக்கு. 1908-ல் கிளம்பிவிட்டார். சீன மொழி அவருக்குச் சரளமாக வராது என்பது இதில் ஒரு வேடிக்கை.

ஒரு கோட்டுக்குப் பின்னால்

இனி மஞ்சூரியா. சீனாவின் வடகிழக்கு மூலை. வடக்குப் பக்கத்து ரயில்பாதை ரஷ்யர்கள் கையில், தெற்குப் பக்கத்து ரயில்பாதை ஜப்பானியர்கள் கையில். ஊர் மட்டும் சீனாவுடையது.

அங்கே டார்பகன் என்று ஒரு பிராணி உண்டு. அணில் குடும்பம்தான், ஆனால் பூனை அளவுக்குக் கொழுகொழுவென்று இருக்கும், வளையில் வாழும். அதன் தோலுக்குச் சாயமேற்றி விலையுயர்ந்த ரோமக் கோட்டுகளுக்குப் பதிலாக விற்கும் வித்தை ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்டதும், சில ஆண்டுகளில் தோல் விலை பல மடங்கு ஏறியது. காசு இருக்கும் இடத்துக்கு ஆள் வருமே! ஷான்டாங் பக்கத்திலிருந்து ஏழைகள் ஆயிரக்கணக்கில் வேட்டைக்கு வந்து குவிந்தார்கள்.

உள்ளூர் வேட்டைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சுறுசுறுப்பாக ஓடும் டார்பகனை மட்டும் பிடிப்பார்கள். தள்ளாடி நடந்தால், சோர்ந்து கிடந்தால் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அது தெரியாது. ஓடாத பிராணியைப் பிடிப்பது சுலபம் இல்லையா? பிடித்தார்கள், தோலை உரித்தார்கள். ராத்திரி மலிவான சத்திரங்களில் ஒருவர் மேல் ஒருவர் உரசிக்கொண்டு படுத்தார்கள். வெளியே கடுங்குளிர், ஜன்னல் திறக்க வழியில்லை. ஒருவர் இருமினால் அறையில் இருக்கும் அத்தனை பேரும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும்.

1910 அக்டோபரில் எல்லை ஊரான மான்சௌலியில் சாவு தொடங்கியது. காய்ச்சல், இருமல், ரத்தம், ஓரிரு நாளில் மரணம். அங்கிருந்து ரயில் ஏறிய நோய், பாதை போன திசையெல்லாம் போனது. ஹார்பின் அந்தப் பாதையின் பெரிய ஜங்ஷன். அதன் சீனக் குடியிருப்பான ஃபூஜியாதியானில் சுமார் 24,000 பேர் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள்.

கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. ஃபேஷன் சந்தை, புலம்பெயர்ந்த தொழிலாளர், மலிவு விடுதி, ரயில். ஒரு நோய் ஊர் விட்டு ஊர் போகத் தேவையான எல்லாமே தயாராக இருந்தது. தடுக்க வேண்டியது எதுவும் தயாராக இல்லை.

எலியைத் தேடிய ஊர்

1910 டிசம்பர் 24. மைக்ரோஸ்கோப்பையும் ஒரு மூத்த மாணவரையும் கூட்டிக்கொண்டு வூ ஹார்பினில் இறங்கினார். குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே 25, 30 டிகிரி. சீன அரசுக்கு வேறொரு பயமும் இருந்தது. நோயை அடக்கத் தெரியவில்லை என்று சொல்லி ரஷ்யாவோ ஜப்பானோ படையோடு உள்ளே நுழைந்துவிட்டால்?

மூன்றாம் நாள், சத்திரம் நடத்திய ஒரு ஜப்பானியப் பெண் இறந்தார். இறந்த உடலை அறுப்பது அன்றைய சீனாவில் பெரும் பாவம். வூ ரகசியமாக அந்தப் பெண்ணின் அறையிலேயே பிரேதப் பரிசோதனை செய்தார். நுரையீரல், இதயம், மண்ணீரல், ரத்தம் என மாதிரிகள் எடுத்தார். மைக்ரோஸ்கோப்பில் தெரிந்தது பிளேக் கிருமி.

பிளேக் என்றதும் அந்தக் கால டாக்டர்கள் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது எலி. 1896-ல் பம்பாயில் புகுந்த பிளேக் இந்தியாவில் லட்சக்கணக்கானோரைக் கொன்றிருந்தது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறிகட்டும் அந்த வகை, எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதனுக்கு வருகிறது என்று நிறுவப்பட்டிருந்தது. அதனால் ஹார்பினிலும் எலி பிடித்து அறுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கணக்கில். ஒன்றிலும் கிருமி இல்லை.

வூ வேறு முடிவுக்கு வந்தார். இது நுரையீரலில் உட்காரும் பிளேக். எலி வேண்டாம், தெள்ளு வேண்டாம், இருமல் போதும். இதைச் சொன்னதும் பெரிய டாக்டர்கள் பலர் ஏற்கவில்லை. அவர்களில் ஒருவர் ஜெரால்ட் மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர். வூவை விட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர், ஏற்கெனவே பிளேக்கைப் பார்த்தவர். நேற்று வந்த சீனப் பையன் தனக்குப் பாடம் எடுப்பதா என்று கொதித்தார். வூ பதவி விலகல் கடிதமே கொடுத்துவிட்டார். அரசு வூவின் பக்கம் நின்றது. மெஸ்னி மாஸ்க் இல்லாமல் ரஷ்ய மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளைப் பரிசோதித்தார். 1911 ஜனவரி 11-ம் தேதி இறந்தார்.

அந்தச் சாவு பரவிய வேகத்தில் மாஸ்க்கும் பரவியது. வூவின் மாஸ்க்கில் தொழில்நுட்பம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணி, நடுவில் தடிமனாகப் பஞ்சு, இரண்டு முனையையும் கிழித்துத் தலைக்குப் பின்னால் முடிச்சு. கடையில் கிடைக்கும் பொருள், கையால் செய்யலாம், சில காசுகளுக்கு மேல் ஆகாது. ஆயிரக்கணக்கில் வேண்டும் என்றால் ஆயிரக்கணக்கில் கட்டிவிடலாம். 2020 மார்ச்சில் மாஸ்க் விலை எங்கே போனது என்று நினைவிருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும்.

வண்ணப் பட்டைகளும் சரக்குப் பெட்டிகளும்

மருந்து கிடையாது. நோய் வந்தவர் பிழைப்பதும் ஏறக்குறைய கிடையாது. ஆகவே வூவால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: நோயையும் ஆரோக்கியமாக இருப்பவர்களையும் பிரித்து வைப்பது.

ஃபூஜியாதியானை நான்கு பகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம். அந்த நிறப் பட்டையைக் கையில் கட்டியவர் அந்தப் பகுதிக்குள் மட்டும் நடமாடலாம். தாண்டிப் போக வேண்டுமானால் அனுமதிச் சீட்டு. ஊருக்கு வெளியே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராணுவத்தினர் காவல். உள்ளே தினமும் வீடு வீடாகச் சோதனை. பள்ளிக்கூடம், நாடகக் கொட்டகை எல்லாம் இழுத்துப் பூட்டு.

நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களை எங்கே வைப்பது? அந்தக் குளிரில் கூடாரம் போட முடியாது, கட்டடமும் இல்லை. வூ ரஷ்ய ரயில்வேயிடம் 120 சரக்குப் பெட்டிகள் கேட்டு வாங்கினார். உள்ளே கணப்பு அடுப்பு, சாப்பாடு, தினமும் காய்ச்சல் பார்க்க ஆள். நோயை ஊர் ஊராகச் சுமந்த அதே ரயில் இப்போது நோயை நிறுத்தும் வார்டாக நின்றது.

கீழ் வகுப்புப் பயணத்தை நிறுத்தியது இன்னும் சிக்கல். சீனப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. நம்ம ஊர் தீபாவளிக் கூட்டம் மாதிரி, ஷான்டாங் தொழிலாளர்கள் அத்தனை பேரும் சொந்த ஊருக்குக் கிளம்பும் நேரம். ரயில் நிர்வாகங்களுக்கு வருமானம் போகும், சோயா மொச்சை ஏற்றுமதி தேங்கும். நிறுத்தினார்கள். ஆனால் கொஞ்சம் தாமதமாக. அதன் விலையை ஒரு ரயில் காட்டியது. தெற்கே போன ஒரு வண்டியில் சாவு கண்டுபிடிக்கப்பட்டதும் அதிலிருந்த தொழிலாளர்கள் முக்டென் நகரத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். எங்கே தங்கவைப்பது என்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. ஸ்டேஷன் அருகே சத்திரங்களில் மொத்தமாக அடைத்தார்கள். அங்கே நோய் காடுபோல் பற்றியது. அவர்களைக் கவனித்துக்கொண்ட டாக்டர் ஆர்தர் ஜாக்சன் சில நாள்களில் இறந்தார். அவர் சீனா வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வயது 26.

மக்கள் ஒத்துழைத்தார்களா? எல்லோரும் இல்லை. வீட்டில் ஒருவர் செத்தால் குடும்பமே ரயில் பெட்டிக்குப் போக வேண்டும் என்பதால், ராத்திரியில் பிணத்தைத் தெருவில் கிடத்திவிட்டுப் போனவர்கள் உண்டு. அவர்களைத் திட்டத் தோன்றவில்லை. நீங்கள் அந்த இடத்தில் இருந்து யோசிச்சுப் பாருங்க.

பேரரசரிடம் ஒரு மனு

ஊருக்கு வெளியே இடுகாட்டில் 2,000-க்கும் மேற்பட்ட உடல்கள் கிடந்தன. சில சவப்பெட்டியில், சில அதுவும் இல்லாமல். தரை பல அடி ஆழத்துக்குப் பனியால் இறுகிப்போயிருந்தது, குழி தோண்ட முடியாது. வசந்தம் வந்து பனி உருகினால் எலியும் நாயும் அந்த உடல்களைத் தொடும்.

எரிப்பதுதான் வழி என்றார் வூ. நமக்குத் தகனம் சாதாரணம். அங்கே அப்படி இல்லை. முன்னோரின் உடலை முழுதாக மண்ணில் வைப்பது பிள்ளையின் கடமை, எரிப்பது பழிபாவம். உத்தரவு போட்டிருந்தால் ஊர் கொதித்திருக்கும். வூ உள்ளூர் அதிகாரிகளையும் பெரிய மனிதர்களையும் இடுகாட்டுக்கே கூட்டிப்போய்க் காட்டினார். கண்ணால் பார்த்தவர்கள் அவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். மனு பீஜிங் அரண்மனைக்குப் போனது. சில நாள்களில் அனுமதி வந்தது.

1911 ஜனவரி 31. சீனப் புத்தாண்டின் மறுநாள். மண்ணெண்ணெய் ஊற்றி உடல்களுக்குத் தீ வைத்தார்கள். முந்தைய நாள் புத்தாண்டுக்கு வீடுகளில் பட்டாசு வெடிக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுத்திருந்தார் வூ. கந்தகப் புகை கிருமிக்கு நல்லதல்ல என்பது ஒரு கணக்கு. பயந்து ஒடுங்கிய ஊருக்குக் கொஞ்சம் தெம்பு வரட்டும் என்பது இன்னொரு கணக்காக இருந்திருக்கலாம்.

அதன் பிறகு சாவு எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. தகனம்தான் நோயை நிறுத்தியது என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. உறைந்து கிடந்த பிணங்கள் இருமுவதில்லை. ஒரு மாதமாக நடந்த பிரித்தெடுக்கும் வேலை பலன் கொடுக்கத் தொடங்கிய நேரமும் அதுதான். மார்ச் 1-ம் தேதி ஹார்பினில் கடைசி நோயாளி. வூ வந்து இறங்கி 67 நாள்கள்.

மஞ்சூரியா முழுக்கச் செத்தவர்கள் சுமார் 60,000 பேர். ஏப்ரலில் முக்டெனில் 11 நாடுகளின் நிபுணர்கள் கூடினார்கள். பிளேக் கிருமி ஆய்வில் பெயர் பெற்ற ஜப்பானியர் கிடசாடோவும் வந்திருந்தார். தலைமை நாற்காலியில் உட்கார்ந்தவர் 32 வயது வூ.

போர் அடிக்கும் பத்து வருஷம்

சினிமா என்றால் இங்கே முடித்துவிடுவார்கள். இதற்கு அப்புறம்தான் வூவை எனக்கு அதிகம் பிடிக்கிறது.

நோய் போனதும் பயமும் போகும், பயம் போனதும் பணமும் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1912-ல் வட மஞ்சூரிய பிளேக் தடுப்புச் சேவை என்ற நிரந்தர அமைப்பை ஹார்பினில் தொடங்கினார். செலவுக்குச் சுங்க வருமானத்திலிருந்து பணம் வரும்படி ஏற்பாடு. எந்தச் சரக்குப் போக்குவரத்தால் நோய் வருமோ, அந்தப் போக்குவரத்தின் வரியிலேயே தடுப்பு வேலை. அதே வருடம் அரச வம்சம் கவிழ்ந்து குடியரசு வந்தது, பிறகு ராணுவத் தளபதிகள் ஆளுக்கொரு மாகாணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அமைப்பு மட்டும் நின்றது.

ரயில்பாதை ஓரத்திலும் ஆற்றுத் துறைகளிலும் மருத்துவமனைகள், ஒரு பரிசோதனைக் கூடம், பயிற்சி பெற்ற ஆட்கள். பிளேக் இல்லாத நாளில் அவை சும்மா பூட்டிக் கிடக்கவில்லை. சாதாரண நோய்களுக்கு வைத்தியம் பார்த்தன. 1919-ல் ஹார்பினில் காலரா வந்தபோது கதவைத் திறக்கத் தயாராக இருந்தவை அவைதான். இன்று கம்பெனிகள் கொள்ளைநோய்க் காலத் திட்டம் என்று ஒரு ஃபைல் வைத்திருக்கும், ஹெச்.ஆர் தவிர யாரும் படித்திருக்க மாட்டார்கள். வூவின் திட்டம் தினமும் ஓபி பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லா இடத்திலும் ஜெயித்தாரா என்றால், இல்லை. 1918-ன் தொடக்கத்தில் மங்கோலியப் புல்வெளி ஓரமாக வேறொரு நுரையீரல் பிளேக் பரவியபோது வூ அங்கே போனார். அவருடைய அமைப்பு அங்கே கிடையாது, மக்களுக்கு அவரைத் தெரியாது. குடும்பத்தாரின் அனுமதி பெறாமல் அவரும் சக மருத்துவரும் ஓர் உடலைப் பரிசோதித்தார்கள். கூட்டம் கொதித்து, அவர்கள் தங்கியிருந்த ரயில் பெட்டிக்கே தீ வைத்தது. வூ திரும்ப வேண்டியதாயிற்று. ஹார்பினில் பெரிய மனிதர்களை இடுகாட்டுக்குக் கூட்டிப்போன அதே ஆள்தான்!

1920-ன் கடைசியில் மஞ்சூரியாவுக்கு நுரையீரல் பிளேக் மறுபடி வந்தது. அதே குளிர், அதே ரயில், அதே தோல் வியாபாரம். இந்த முறை மைக்ரோஸ்கோப் அங்கேயே இருந்தது, மாஸ்க் இருந்தது, யாரை எங்கே வைப்பது என்று முன்பே தெரிந்திருந்தது. ஆனாலும் ஓர் ஓட்டை விழுந்தது. ஹைலார் என்ற ஊரில் தனிமையில் வைத்திருந்த சிலரை ராணுவ வீரர்கள் விடுவித்துவிட்டார்கள். அவர்களில் சிலர் டாலைநோர் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மண்ணுக்குள் பாதி புதைந்த குடிசைகளில் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த இடம். அங்கே மட்டும் ஏறக்குறைய ஆயிரம் பேர் செத்தார்கள். நோய் ஹார்பினுக்கும் வந்தது. வூவின் ஆட்களிலும் சிலர் உயிரைக் கொடுத்தார்கள்.

1921-ல் அடங்கியபோது மொத்தக் கணக்கு 9,000-க்குச் சற்று மேல். முந்தைய முறை 60,000. அந்த வித்தியாசத்தில் பிழைத்த ஒருவருக்கும் தான் பிழைத்தது தெரிந்திருக்காது.

கடைசிக் கிளினிக்

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1926-ல் நுரையீரல் பிளேக் பற்றிய அவருடைய பெரிய நூலை சர்வதேச சங்கம் வெளியிட்டது. 1930-ல் ஷாங்காயில் தேசிய குவாரன்டீன் சேவையின் முதல் தலைவர் ஆனார். அதுவரை வெளிநாட்டவர் கையில் இருந்த துறைமுகச் சோதனை, சீனா கைக்கு வந்தது. 1935-ல் மருத்துவ நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். கிடைக்கவில்லை.

1931-ல் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்தது. வூவை உளவாளி என்று சந்தேகித்துப் பிடித்து வைத்தார்கள். பிரிட்டிஷ் பிரஜை என்பதால் தப்பினார். இருபது வருடம் கட்டிய தடுப்பு அமைப்பு கைவிட்டுப் போனது. சில ஆண்டுகளில் அதே ஹார்பின் அருகே ஜப்பான் ராணுவத்தின் 731-ம் பிரிவு, பிளேக் கிருமியை ஆயுதமாக்கும் கூடத்தை நடத்தியது.

1937-ல் போர் ஷாங்காய்க்கு வந்தது. வூவின் வீடு குண்டுவீச்சில் போனது. மனைவியும் அதே ஆண்டு இறந்திருந்தார். மலாயாவுக்குத் திரும்பி, ஈப்போ நகரில் சாதாரண கிளினிக் ஒன்று திறந்தார். ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் கெரில்லாக்கள் அவரைக் கடத்திப் பணம் வாங்கிக்கொண்டு விட்டார்கள். அந்தப் பணம் கொடுத்ததற்காக, கெரில்லாக்களுக்கு உதவினார் என்று ஜப்பானியர்கள் சந்தேகப்பட்டார்கள். ஒரு ஜப்பானிய அதிகாரிக்கு அவர் வைத்தியம் பார்த்திருந்தது அன்று அவரைக் காப்பாற்றியது.

ஈப்போவில் இருமலும் காய்ச்சலுமாக வந்தவர்களை அவர் கிட்டத்தட்ட இறுதிவரை பார்த்துக்கொண்டிருந்தார். 1959-ல் 600 பக்கங்களுக்கு மேல் நீளும் சுயசரிதை வெளிவந்தது. ஓய்வுக்காகப் பினாங்கில் புது வீடு ஒன்று வாங்கியிருந்தார். 1960 ஜனவரி 21-ம் தேதி, பிறந்த அதே தீவில், பக்கவாதம் தாக்கி இறந்தார். வயது 80.